9,900 என்னும் பொய்

திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடை ஒன்றில் நின்று, "டார்ச்சுக்குப் போடுற லித்தியம் செல் இருக்கா அண்ணே?" என்று கேட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு உருளைகள் மேசைக்கு வரும். இரண்டும் ஒரே அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நீல உறை போட்டதில் 2600 என்று அச்சடித்திருக்கும். சிவப்பு உறையில் 9900.

"எதுண்ணே நல்லது?"

"ரெண்டும் நல்லா ஓடும் தம்பி. செவப்புல பவர் ஜாஸ்தி, வெலையும் கம்மி. நெறைய பேர் அதத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

கடைக்காரர் மேல் தப்பில்லை. உறையில் இருப்பதைத்தான் அவர் படித்துச் சொல்கிறார். உறையை அச்சடித்தவன் எங்கோ இருக்கிறான். ஆனால் அந்த 9900 பொய். அது பொய் என்று காட்ட ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். சின்னக்கடை வீதியில் மோதிரம் நிறுக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசும், எட்டாம் வகுப்புக் கணக்கும் போதும். கணக்குக்குப் போகும் முன், இந்த உருளை டார்ச்சுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்துவிடலாம்.

போனிலேயே விளக்கு இருக்கும்போது டார்ச் யாருக்கு வேண்டும் என்று தில்லைநகரில் இருப்பவர் கேட்கலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கம் வாழை போட்டிருப்பவர் கேட்கமாட்டார். பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் இராத்திரி முறையில் வந்தால், இராத்திரியில்தான் மோட்டார் போடப் போக வேண்டும். வழியெல்லாம் வாழைச் சருகு. கட்டுவிரியன் இருட்டிய பிறகு நடமாடுகிற பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்பது தெரிவதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். போன் விளக்கு காலடியோடு நின்றுவிடும். வாய்க்காலில் நழுவி விழுந்தால் போனும் போகும்.

இந்த வேலையைப் பல காலம் செய்துவந்தது மூன்று கட்டை டார்ச். ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட், துத்தநாகக் கூடு, நடுவில் கரித் தண்டு. தீரத் தீர வெளிச்சம் மஞ்சளாகிச் சிவந்து மங்கும். மங்கிய கட்டையைக் கழற்றி மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவதைப் பார்க்காத தமிழ் வீடு குறைவு. அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது: சூட்டில் உள்ளே வேதிவினை வேகம் பிடிக்கும், இன்னும் ஒரு நாள் இரண்டு நாள் ஓடும். இந்தப் பழக்கத்தை நினைவில் வையுங்கள். லித்தியம் செல்லை அப்படி வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கட்டைக்கு அடுத்து வந்தது, பின்பக்கம் இரண்டு முள்ளை இழுத்து நேராகச் சுவரில் செருகிச் சார்ஜ் போடுகிற பிளாஸ்டிக் டார்ச். இன்றும் தெருவோரக் கடைகளில் தொங்குகிறது. உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. மோட்டார் சைக்கிள் பேட்டரியின் குட்டித் தம்பி. வாங்கிய முதல் ஆறு மாதம் அருமையாக எரியும். பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடந்துவிட்டு எடுத்துப் பார்த்தால் உயிர் இருக்காது. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிகமாக உறைந்துபோகும். அதைத் திரும்பக் கரைப்பது கடினம். அதனால்தான் "எப்பவும் ஃபுல் சார்ஜ்ல வச்சிருக்கணும்" என்ற பாடம் நம் வீடுகளில் ஊறிப்போனது. ஈய பேட்டரிக்கு அது சரியான பாடம். லித்தியத்துக்கு நேர்மாறு.

வெள்ளை எல்.இ.டி. வந்த பிறகுதான் ஆட்டம் மாறியது. நீல ஒளி உமிழும் டையோடின் மேல் மஞ்சள் ஒளி தரும் பொடியைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அந்த நீல டையோடுக்காக அகசாகி, அமனோ, நகமுரா மூவரும் 2014-ல் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். அது எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒரு கட்டை போதாது. இரண்டு கட்டையும் கொஞ்சம் தேய்ந்ததும் போதாது. லித்தியம் அயன் செல்லோ முழு சார்ஜில் 4.2 வோல்ட்டில் தொடங்கும். பெரும்பாலான நேரம் 3.6, 3.7-ல் ஓடும். 3-ஐ ஒட்டி வரும்போது தீர்ந்துவிடும். ஒரே ஒரு செல், ஒரே ஒரு எல்.இ.டி., நடுவில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சுற்று: டார்ச் தயார். லித்தியம் அயனுக்கான வேதியியல் நோபல் 2019-ல் விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகியோருக்குக் கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. சோனி நிறுவனம் இந்த வகை பேட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-ல். இரண்டு நோபல் பரிசுகள் சேர்ந்து ஒரு டார்ச்சில் எரிகின்றன, அதை நாம் பேரம் பேசி வாங்குகிறோம்.

இதற்காக லித்தியம் எல்லா இடத்திலும் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் பங்கு கொண்டவர் என்பது பலருக்குத் தெரியும். அந்த எந்திரம் ஓடுவது சார்ஜ் போடத் தேவையில்லாத அல்கலைன் பேட்டரியில். சாவடியில் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நாளில் அது ஓடியாக வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை ஃபியூஸ் போட மட்டும் எடுக்கிற டார்ச்சுக்கும் அந்த நியாயம் பொருந்தும். அப்படி எப்போதாவது எடுப்பவர்கள் நல்ல அல்கலைன் செல் இரண்டு வாங்கி, டார்ச்சுக்கு வெளியே தனியாக வைத்துக்கொண்டால் போதும். இந்த அத்தியாயமே வேண்டாம். தினமும் இருட்டில் நடப்பவருக்குத்தான் லித்தியம்.

இந்த உருளையின் பெயர் 18650. அது அளவைச் சொல்லும் எண். முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு நீளம், கடைசிச் சுழி உருளை வடிவம் என்பதற்கு. அதன் அண்ணன் 21700: 21 மில்லிமீட்டர் விட்டம், 70 நீளம். மடிக்கணினிக்காகப் பரவிய 18650-ஐ டெஸ்லா தன் முதல் காரான ரோட்ஸ்டரில் 6,831 எண்ணிக்கையில் அடுக்கியது. நம் டார்ச்சுக்கு ஒன்று போதும்.

உள்ளே இருப்பது, முசிறிப் பக்கத்துக் கோரைப் பாயை இறுகச் சுருட்டி நிறுத்தியது போன்ற ஒரு சுருள். செப்புத் தாளின் மேல் கிராஃபைட் பூச்சு. அலுமினியத் தாளின் மேல் நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்கள் கலந்த லித்தியம் ஆக்சைடு பூச்சு. இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவில் நுண்துளை உள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம். எல்லாம் ஊறியிருப்பது தீப்பற்றக்கூடிய ஒரு கரிமத் திரவத்தில். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டு வந்து கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்ளும். டார்ச்சைப் போட்டால் அவை திரவத்தின் வழியாக ஆக்சைடுக்குத் திரும்பும். எலெக்ட்ரான்களுக்குத் திரவத்தில் வழி கிடையாது. அவை வெளியே சுற்றிக்கொண்டு எல்.இ.டி. வழியாகத்தான் போயாக வேண்டும். வெளிச்சம் அங்கே கிடைக்கிறது.

இப்போது கணக்கு. எம்.ஏ.எச். என்பது மில்லி ஆம்பியர்-மணி: ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை ஆயிரத்தால் பெருக்கியது. கிராஃபைட் ஒரு கிராமுக்கு அதிகபட்சம் 372 எம்.ஏ.எச். அளவுக்குத்தான் லித்தியத்தை ஏற்றுக்கொள்ளும். ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம். அதற்கு மேல் இடமில்லை. எந்தத் தொழிற்சாலையும் இதை மாற்ற முடியாது. மறுபக்கத்து ஆக்சைடு, நல்ல வகையாக இருந்தால், கிராமுக்குச் சுமார் 200. அப்படியானால் 9,900 எம்.ஏ.எச். வேண்டுமென்றால் கிராஃபைட் 26.6 கிராம், ஆக்சைடு 49.5 கிராம். பொடி மட்டுமே 76 கிராம். செப்புத் தாள், அலுமினியத் தாள், படலம், திரவம், இரும்புக் கூடு எதுவும் இன்னும் சேர்க்கவில்லை.

பெயர்பெற்ற கம்பெனியின் உண்மையான 18650 ஒன்றைத் தராசில் வைத்தால் 45 முதல் 49 கிராமுக்குள் நிற்கும். அவ்வளவுதான் முழு எடை. அதிலுள்ள 3,500 எம்.ஏ.எச்.-க்கு ஆக்சைடு 17.5 கிராமும் கிராஃபைட் பத்து கிராம் போலவும் போக, மீதி கூடும் தாளும் திரவமும். கணக்கு உதைக்காமல் உட்கார்ந்துகொள்கிறது. சிவப்பு உறைக்காரனை வைத்துப் பாருங்கள். 40-ஐக்கூடத் தொடாத உருப்படிகள் சர்வசாதாரணம். முழு செல்லே 40 கிராம், ஆனால் அதற்குள் 76 கிராம் பொடி இருப்பதாக உறை சொல்கிறது.

சாம்சங், எல்.ஜி., பானாசோனிக், முராட்டா என்று உலகத்தின் பெரிய கைகளெல்லாம் முப்பது வருடம் முட்டி மோதியும் 18650-ல் 3,500, 3,600-ஐத் தாண்டி விற்பனைக்குக் கொண்டுவந்ததில்லை. 21700-ல் 5,000 என்பது நல்ல அளவு. ஆகவே 18650 உறையில் 4000 என்றோ அதற்கு மேலோ பார்த்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்; கீழே வைத்துவிடலாம். 9900 போட்டவன் உள்ளே 1,200 வைத்திருந்தால் நேர்மையானவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏற்கனவே அப்படி ஒன்று இருந்தால் சோதிக்க எளிய வழி உண்டு. காலியான செல்லை ஒரு ஆம்பியர் சார்ஜரில் போட்டு மணி பாருங்கள். 9,900 நிரம்பப் பத்து மணி நேரமாவது பிடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் பச்சை விளக்கு வந்துவிட்டால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சார்ஜரே சொல்லிவிட்டது.

எடை சரியாக இருந்தால் மட்டும் செல் நல்லது என்று ஆகிவிடாது. போலிகளில் ஒரு ரகம், உள்ளே பொடியான ஒரு குட்டி செல்லை வைத்துச் சுற்றிலும் மாவு போன்ற எதையாவது அடைத்தது. இன்னொரு ரகம் இன்னும் சாமர்த்தியம்: செத்த மடிக்கணினி பேட்டரிகளைப் பிரித்து, அதிலுள்ள பழைய செல்களை எடுத்து, புது பிளாஸ்டிக் உறையைச் சூடு காட்டிச் சுருக்கிப் போட்டது. இவை ஒருகாலத்தில் நிஜ செல்கள்தான், தராசில் தேறிவிடும். ஆனால் நானூறு ஐந்நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கிய கிழங்கள். இவற்றைப் பிடிக்கக் கண் வேண்டும். மடிக்கணினிக்குள் செல்களை நிக்கல் பட்டையால் இணைத்துப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்திருப்பார்கள். பட்டையைப் பிய்த்த பிறகு அந்தப் புள்ளிகள் அல்லது அவற்றை அரம் போட்டுத் தேய்த்த கீறல்கள் இரு முனையிலும் தங்கும். புது செல்லின் அடிப்பக்கம் துடைத்துவிட்டது போல் வழவழவென்று இருக்க வேண்டும்.

அடுத்து மல்டிமீட்டர். செல் விற்கிற கடையில் அது இல்லாமல் இருக்காது. கேட்டால் வைத்துக் காட்டுவார்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். லித்தியம் அயன் செல்லைத் தனியாக விமானத்தில் அனுப்பும்போது 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்ற விதி 2016 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. கப்பலில் வந்தாலும் அரைக்குக் கீழே சார்ஜ் வைத்து அனுப்புவதுதான் வழக்கம். ஆகவே தொழிற்சாலையிலிருந்து வந்த புது செல் கடை மேசையில் 3.4-லிருந்து 3.7 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 4.1 காட்டினால் யாரோ சார்ஜ் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். 2.5-க்குக் கீழே காட்டினால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதற்கும் மிகக் கீழே இறங்கிக் கிடந்த செல்லில் செப்புத் தாளே கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தில் கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றினால் அந்தச் செம்பு வேறெங்கோ போய்ப் படிந்து, படலத்தைத் தாண்டி இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடலாம். வெளியில் எதுவும் தெரியாது. என்றோ ஒரு நாள் சார்ஜரில் இருக்கும்போது உள்ளுக்குள் ஷார்ட் ஆகும்.

ஷார்ட் ஆனால் என்ன? கட்டையில் ஷார்ட் ஆனால் கை சுடும், கசியும், முடிந்தது. லித்தியம் செல்லில் ஓர் இடத்தில் சூடு 130 டிகிரியை நெருங்கினால் நடுப் படலம் உருகும். படலம் போனால் இன்னும் பெரிய ஷார்ட். அந்தச் சூட்டில் ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனை விடும். பக்கத்திலேயே தீப்பற்றும் திரவம். எரிய வேண்டியதெல்லாம் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் ஆரம்பித்தால் நிற்காது. வேலூரில் 2022 மார்ச்சில், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தது நினைவிருக்கும். டார்ச் செல் அதில் மிகச் சிறு துளிதான். ஆனால் உலோகக் குழாய்க்குள் இறுக்கி மூடியிருக்கும்போது சிறு துளியும் வெடிக்கும்.

இதைத் தடுக்கத்தான் சில செல்களின் அடிப்பக்கம் ஒரு சின்ன வட்டச் சுற்றுப் பலகையை ஒட்டியிருக்கிறார்கள். மின்னழுத்தம் அளவுக்கு மேல் ஏறினாலும், 2.5-ஐ ஒட்டி இறங்கினாலும், ஓட்டம் மிஞ்சினாலும் அது தொடர்பை வெட்டிவிடும். கடையில் "புரொடெக்டட்" என்று கேட்டால் தெரியும். பலகை சேர்ந்ததால் நீளம் 65-க்குப் பதில் 68, 69 என்று வரும். சில டார்ச்சில் மூடி திருகாது. டார்ச்சைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது. மேல் முனையில் குமிழ் உள்ளதா, தட்டையா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தட்டை முனை சில டார்ச்சில் தொடர்பு முனையைத் தொடவே தொடாது.

பெரிய கம்பெனிகள் இந்தச் செல்களை நமக்காகச் செய்யவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரிப் பெட்டி கட்டுகிற தொழிற்சாலைகளுக்காகச் செய்கிறார்கள். பலகை இல்லாத மொட்டை செல்லை யாரும் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உறையிலேயே எச்சரிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் உதிரி 18650 செல்களை வாங்காதீர்கள் என்றே மக்களுக்கு அறிவித்தது. என்னைக் கேட்டால், டார்ச் கம்பெனியே தன் பெயர் போட்டு, பலகை வைத்து விற்கிற செல்தான் சாதாரண வாங்குபவருக்கு உகந்தது. நைட்கோர், ஃபீனிக்ஸ் போன்றவை அப்படி விற்கின்றன. விலை கூடத்தான். "அசல் சோனி, புது ஸ்டாக்" என்று யாராவது நீட்டினால், சோனி தன் பேட்டரித் தொழிலை 2017-லேயே முராட்டாவிடம் கொடுத்துவிட்டது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் விற்கும் கையடக்கச் சாதன பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு கட்டாயம். லித்தியம் செல்லுக்கான தரம் ஐ.எஸ். 16046. முத்திரைக்கு அருகே ஆர் என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். அச்சடித்த எண்ணை எவனும் அச்சடிக்கலாம். செயலியில் பேட்டரிக்குப் பதில் வேறு ஏதோ பொருள் பெயர் வந்தால் விஷயம் முடிந்தது. கடை மேசையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியது இது.

இரண்டு பொறிகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, 14500 என்னும் செல். பென்டார்ச் செல்லின் அதே அளவு. சுவர்க் கடிகாரத்திலும் ரிமோட்டிலும் அழகாக உட்காரும். ஆனால் தருவது 1.5 அல்ல, 3.7 வோல்ட். கடிகாரம் போய்விடும். மற்றது, சோலார் விளக்குகளால் இப்போது எங்கும் கிடைக்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். தடித்த உருவத்தில் வரும், 3.2 வோல்ட் என்று எழுதியிருக்கும். வெப்பம் தாங்குவதில் இது மற்றதைவிடச் சாது, நீண்ட ஆயுள், நம் ஊர்ச் சூட்டுக்கு நல்ல செல். ஆனால் இதன் முழு சார்ஜ் 3.65 வோல்ட்தான். 4.2 வரை ஏற்றுகிற சாதாரண சார்ஜரில் போட்டால் மிஞ்சி ஏறும். செல்லுக்கு ஏற்ற சார்ஜர் இல்லாமல் இதை வாங்கக் கூடாது.

காரைக்குடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நம் பக்கத்திலேயே நடந்த வேலையைச் சொல்லவில்லையே என்பார்கள். திருச்சிக்குத் தெற்கே, இரண்டு மணி நேரப் பயணத்தில், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும் எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரியில் திறந்தது. அங்கே உருவான லித்தியம் அயன் செல் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க 2018-ல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா தன் ஸ்கூட்டர்களுக்காகச் செல் தொழிற்சாலை தொடங்கியிருக்கிறது. இருந்தும் சிங்காரத்தோப்பு மேசைக்கு வருகிற 18650 பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது. ஆராய்ச்சிக்கும் சந்தைக்கும் நடுவில் நாம் இன்னும் பாலம் கட்டி முடிக்கவில்லை.

சிங்கப்பூர் முஸ்தபா கடையில் நல்ல செல் கிடைக்கும், வருகிறவரிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லலாம் என்று நினைப்பவர்களுக்கு: உதிரி லித்தியம் செல்லைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 3,500 எம்.ஏ.எச். செல் 12.6 வாட்-மணி, 100 என்ற வரம்புக்குள் தாராளமாக அடங்கும். ஒவ்வொன்றும் தனித் தனி பிளாஸ்டிக் கூட்டில் இருக்க வேண்டும். விமானத்தில் மட்டுமல்ல, சட்டைப் பையிலும் அப்படித்தான். சாவிக்கொத்தோடு ஒரு மொட்டை செல்லைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பவர் தொடையோடு அடுப்பைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

வாங்கிய பிறகு வைத்திருப்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். திருச்சியில் மே மாதம் 40 டிகிரி தாண்டுவது செய்தியே அல்ல. தகரம் போட்ட மோட்டார் கொட்டகைக்குள்ளும், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள்ளும் அதைவிட ஏறும். பேட்டரித் துறையில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு இது: 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்த லித்தியம் செல் தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். அதே செல்லை 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது 65. ஒரு தடவைகூட டார்ச்சைப் போடாமலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. காரணம், நிரம்பிய நிலையில் உள்ளே எல்லாம் வினைபுரியத் துடித்துக்கொண்டிருக்கும். சூடு அதற்குத் தூபம் போடும். திரவம் சிதைந்து கிராஃபைட்டின் மேல் படலமாகத் தடிக்கும், அதில் லித்தியம் சிக்கி வீணாகும். மொட்டை மாடியில் காயவைக்கிற பழக்கம் இங்கே எதைச் செய்யும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அதனால் தினம் பயன்படுத்துகிறவர் இராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாமல், சாயங்காலம் விழித்திருக்கும்போது போட்டு, பச்சை வந்ததும் எடுத்துவிடலாம். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பவர் 3.7, 3.8 வோல்ட்டில் நிறுத்தி, வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில், டார்ச்சுக்கு வெளியே வைக்க வேண்டும். முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே நல்லது.

இரண்டு செல்லை வரிசையாகப் போடுகிற டார்ச்சைத் தவிர்த்துவிடச் சொல்வேன். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலந்தால், பழையது முதலில் தீர்ந்து, புதியது அதன் வழியாக இன்னும் ஓட்டத்தைத் தள்ளி, அதைத் தலைகீழாகவே சார்ஜ் ஏற்றிவிடும். கட்டைகளில் நாம் வழக்கமாகச் செய்த கலப்படம்தான் இது, கட்டை பொறுத்துக்கொண்டது.

உறை கிழிந்த செல்லை அப்படியே போடாதீர்கள். மேல் முனையின் ஓரம் வரைக்கும் முழுக் கூடும் எதிர்முனைதான், உறை ஒன்றுதான் நடுவில் தடுப்பு. உப்பினாலோ, இனிப்பு கலந்த ஒரு நெடி வந்தாலோ, சார்ஜரில் தொட முடியாமல் சுட்டாலோ அதன் காலம் முடிந்தது. வெட்டவெளியில், மண் தரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பற்றிக்கொண்டால் நிறையத் தண்ணீர் ஊற்றலாம். சூட்டைத் தணிப்பதுதான் முக்கியம். புகையை மட்டும் சுவாசிக்கக் கூடாது, அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும்.

தீர்ந்துபோன செல்லை என்ன செய்வது? அரியமங்கலம் குப்பைக் கிடங்கு புகைந்த நாட்களைத் திருச்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே மக்கும் குப்பையின் வாயுவே எரியப் போதுமானதாக இருந்தது. அதில் லித்தியத்தையும் சேர்த்துவிட வேண்டாம். பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகஸ்டில் வந்தன. தீர்ந்த பேட்டரிகளைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. அவற்றை மற்றக் குப்பையிலிருந்து பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு. இரண்டு முனையிலும் செல்லோ டேப் ஒட்டி, சின்ன டப்பாவில் போட்டுச் சேர்த்துவைத்து, வாங்கிய கடையிலோ மின்னணுக் கழிவு எடுப்பவரிடமோ கொடுங்கள். காலையில் வாசலுக்கு வரும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளரின் வண்டியில் மற்றக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள். அந்தக் குப்பையைக் கையால் பிரிப்பவரும், வண்டிக்குள் அழுத்தி மிதிப்பவரும் அவர்தான்.